அழகம்மையின் சீரியல் டிஸ்க்

காப்பியில் டப்பாப் பால் ஊற்றுவது எனக்கு ஆகாது, தம்பி. இந்த வியட்நாமுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அந்தப் பிசுபிசுப்பு பழகவில்லை. உங்களுக்கும் கறுப்பாகவே சொல்லியிருக்கிறேன். கீழே கரும்புச்சாறு பிழிகிறவள் கொண்டுவந்து வைப்பாள். குடித்துக்கொண்டே கேளுங்கள்.

நீங்கள் அழகம்மையின் தம்பி வயிரவன் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதே இல்லை. அழகம்மையின் நெற்றி அப்படியே உங்களுக்கும். வந்ததும் வராததுமாக அந்த டிஸ்கை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, இன்னொரு தடவை பாருங்கள் என்கிறீர்கள். ஒரு துண்டுப் படம் கிடைத்தாலும் போதும், துணி காயப்போடும்போது தவறி விழுந்து இறந்தாள் என்று போலீஸ் மூடிவைத்ததைத் திறக்கவைக்கலாம், அவள் மகள் பாப்பாவை அவள் புருஷனிடமிருந்து பிரித்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று வக்கீல் சொன்னதாகச் சொல்கிறீர்கள். வக்கீல் சொன்னது சரிதான். ஆனால் இந்த டிஸ்கில் சீரியலைத் தவிர ஒன்றும் இல்லை. இருக்காது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் காரைக்கால் பெண். ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள வந்தேன். கம்பெனி போய்விட்டது, நான் இருந்துவிட்டேன். தொலைந்த கோப்புகளை எடுத்துத் தருவதுதான் இப்போது வேலை. டிஸ்க் ஃபார்மேட் ஆகிவிட்டது என்று அழுதுகொண்டு வருகிறவர்களிடம் முதலில் சொல்வேன், ஒன்றும் அழியவில்லை என்று. எழுபத்தைந்தில் போர் முடிந்து இந்த ஊர் கைமாறியதும் தெருப் பலகைகளைப் பிடுங்கிவிட்டு வேறு பெயர்கள் வைத்தார்கள். வீடுகள் எங்கும் போகவில்லை. உள்ளே ஆட்கள் சோறு தின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஃபார்மேட்டிலும் பலகைகள்தான் போகின்றன. மேலே புதிதாக எதையும் எழுதாமல் இருந்தால், இருந்தது இருந்த இடத்திலேயே கிடக்கும். பெயர் மட்டும் இருக்காது. எது எது என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தாக வேண்டும்.

அப்படித் திறந்து பார்ப்பதுதான் என் வேலை. மனிதர்கள் எதையெல்லாம் சேர்த்து வைக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. ஒரு மேனேஜர் தன் காலில் வந்த சீழ்ப் புண்ணைத் தினமும் படம் எடுத்து வைத்திருந்தார். இன்னொருவர், நன்றாகப் படித்தவர், தூங்கிக்கொண்டிருக்கும் கொழுந்தியாளை எடுத்து வைத்திருந்தார். டிஸ்கின் மேலேயே குழம்புக் கை படிந்திருக்கும். சொருகுகிற துளைக்குள் முடி இருக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காமல் எதையும் நான் தொடமாட்டேன். ஆனால் உள்ளே இருப்பதைத் துடைக்க ஸ்பிரிட் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் படங்கள் இலையில் வந்து உட்காரும். பல நாள் சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன்.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கொடுக்கும்போது சுத்தமாகக் கொடுப்பது.

பள்ளிவாசல் பக்கம் மெஸ் வைத்திருக்கும் ஜலீலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவருடைய அம்மா நாகூரில் இறந்தபோது அவரால் போக முடியவில்லை. தம்பிக்காரன் கடைசி மாதங்களில் எடுத்த படங்களையெல்லாம் ஒரு டிஸ்கில் போட்டு அனுப்பினான். இவர் பார்ப்பதற்கு முன்பே யாரோ தப்பாக அழுத்தி ஃபார்மேட் ஆகிவிட்டது. நான் எல்லாவற்றையும் மீட்டேன். முதுகுப் புண், திறந்த வாய், படுக்கையில் ஊறிய ஈரம் எல்லாம் இருந்தன. அவற்றை நீக்கிவிட்டு, தலை சீவி உட்கார வைத்த படங்களை மட்டும் கொடுத்தேன். பார்த்துவிட்டு ஜலீல் அழுதார். "அம்மா எவ்வளவு தெளிவா இருக்காங்க பாருங்கக்கா. படுத்த படுக்கையாக் கெடக்குறாங்கன்னு அவன் ஃபோன்ல ஒப்பாரி வச்சானே. பொய் சொல்லிப் பொய் சொல்லியே என்னக் கலங்கடிச்சிருக்கான்." தம்பியோடு இன்றுவரை பேச்சு இல்லையாம். ஆனால் அம்மாவின் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கல்லாவுக்குமேல் மாட்டியிருக்கிறார். அழகான படம்.

இதைச் சொல்லக் காரணம், அழகம்மைக்குச் செய்ததைப் புதிதாக யோசித்து ஒன்றும் செய்யவில்லை என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

இங்கே நம் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் போய் வருகிறவர்கள் ஒரு டிஸ்க் நிறையச் சீரியல்களை ஏற்றிக்கொண்டு வருவார்கள். அது வீடு வீடாகப் போகும். நம் ஆட்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் டிஸ்க் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். யாரிடமும் கேட்கக்கூட வேண்டாம். டிவிக்குப் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். சௌந்தரம் அப்படித்தான் எடுத்துப் போயிருக்கிறாள். அழகம்மை பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரப் போயிருந்த நேரம். அவள் புருஷன் தண்டாயுதபாணிதான் வீட்டில் இருந்திருக்கிறார். அவரே டிவிப் பலகையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் சௌந்தரமும் அழகம்மையும் சேர்ந்து என்னிடம் வந்தார்கள். சௌந்தரம் படியேறும்போதே என் பெயரைச் சொல்லி ஆரம்பித்துவிட்டாள்.

"அந்துவானேத்து, என் மானத்தக் காப்பாத்து. புது டிவியில சொருகினேன். அது என்னமோ வியட்நாம் பாஷையில கேட்டுச்சு. பச்சையாக் கேக்குதே, நல்லதாத்தான் இருக்கும்னு பச்சை பட்டன அமுத்திட்டேன். சுத்தமா வழிச்சு எடுத்துடுச்சு."

"படிக்கத் தெரியாட்டி யாரையாவது கேக்கிறதுதானே."

"யாரக் கேக்கறது? எங்க வூட்டுக்காரருக்கு என் அளவுக்குக்கூடத் தெரியாது. மத்ததெல்லாம் போனாப் போவுது, அந்த மாமியாக்காரி ஜெயிலுக்குப் போற எபிசோட மட்டும் எடுத்துக் குடுத்துடு. அவ எப்போ உள்ள போவான்னு நான் காத்துனு கெடக்கறேன்."

நான் சிரித்தேன். அழகம்மை சிரிக்கவில்லை. டிஸ்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் அவள் மட்டும் திரும்பி வந்தாள். ஹெல்மெட்டை மறந்துவிட்டேன் என்று சௌந்தரத்திடம் சொல்லியிருக்கிறாள். ஹெல்மெட் அவள் கையிலேயே இருந்தது.

"அக்கா, சீரியல் போனாப் போகுது. அதுக்குள்ள வேற இருக்கு."

"என்ன?"

"அவுக என்னைய அடிக்கிறது."

பழைய ஃபோன் ஒன்றை அடுப்படி அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்து எடுத்திருக்கிறாள். எடுத்ததை உடனே டிஸ்கில் ஏற்றிவிட்டு ஃபோனில் அழித்துவிடுவாளாம். "சாயங்காலம் வந்ததும் ஃபோனெல்லாம் வாங்கிப் பாப்பாகக்கா. சீரியல்னா மட்டும் அவுகளுக்கு ஆகாது. அதுக்குள்ள போட்டுட்டா எட்டிப் பாக்க மாட்டாகன்னு நெனச்சேன். பொம்பளையாளுக எடுத்துட்டுப் போனாலும் எம்புட்டோ எபிசோடுக்கு அடியில கெடக்குறத யாரு தோண்டிப் பாக்கப் போறா." புத்திசாலிப் பெண். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

உங்களைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னாள். "என் தம்பி வக்கீலப் பாத்துட்டான். பாப்பாவோட பாஸ்போர்ட்ட அவுக பெட்டியில வச்சுப் பூட்டியிருக்காக. படம் இருந்தாப் பிள்ளையையும் சேத்து அனுப்ப வச்சிரலாம்ங்கிறாக. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்க்கா. பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊரு போய்ச் சேந்தாப் போதும்." சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. எடுத்துத் தருகிறேன் என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன். அவள் போனதும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

எல்லாம் வந்தது, தம்பி. ஒன்று விடாமல் வந்தது. சௌந்தரம் பதறிப்போய் மேலே எதையும் ஏற்றாமல் விட்டதால் டிஸ்க் அப்படியே இருந்தது. சீரியல்களுக்கு நடுவே அழகம்மையின் படங்களும் பெயரில்லாமல் வந்தன. எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். பார்க்காமல் எப்படிப் பிரிப்பது.

நீங்கள் நினைக்கிற மாதிரி அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் செய்தது தப்பு, அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் அதைக் கூச்சலில்லாமல் செய்தார். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஃபிரிட்ஜின் மேல் வைப்பார். முடிந்ததும் கை கழுவிவிட்டு மறுபடி கட்டிக்கொள்வார். பார்க்க முடியாமல் இருந்தது அவள்தான். மூக்கும் வாயும் ஒன்றாக ஒழுகும். அதை முந்தானையால் துடைத்து, அதே முந்தானையால் தரையையும் துடைப்பாள். ஒரு படத்தில் தட்டு கீழே விழுந்து சோறு சிந்திவிடுகிறது. அவள் உட்கார்ந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்குகிறாள். பொறுக்கியதைக் கொட்டவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு தின்கிறாள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. படத்தை நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் போய் நின்றேன். கீழே மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. எல்லாருடைய சட்டையும் சுத்தமாக இருந்தது.

திரும்பி வந்து மிச்சத்தைப் பார்த்தேன். உள்ளறையிலிருந்து அவர் ஏதோ சொல்கிறார். சௌந்தரத்தின் நடையைப் பற்றி, வாத்து மாதிரி என்று என்னவோ. அதற்கு அழகம்மை சிரிக்கிறாள். வாயில் சோறு இருக்கிறது, ஒரு கண் வீங்கி மூடியிருக்கிறது, சிரிக்கிறாள். பயந்து சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியும், தம்பி. இது அது இல்லை. நிஜமாகவே சிரிப்பு வந்து சிரித்தாள். என் அம்மாவும் அப்படிச் சிரிக்கக்கூடியவள்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

அந்தச் சிரிப்பைப் பல தடவை பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எந்த இடத்தில் அழுகை முடிந்து அது தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பார்க்கப் பார்க்க ஒன்று தெளிவாகியது. இதை வக்கீல் பார்ப்பார். போலீஸ்காரர்கள் பார்ப்பார்கள். மொழிபெயர்க்க ஒருவன் உட்கார்ந்து, "இங்கே இந்தப் பெண் சிரிக்கிறாள்" என்று எழுதுவான். ஒருநாள் பாப்பாவும் பார்ப்பாள். ஒரு பெண் தன்னை இப்படிக் கடைவிரித்துக் காட்டித்தான் தப்பிக்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு அது உறைக்கவில்லை. உறைக்காதவர்களுக்காக யாராவது யோசிக்க வேண்டும்.

ஒரு டிஸ்கைத் திரும்ப யாரும் தோண்ட முடியாதபடி துடைக்க வழி இருக்கிறது. தொடக்கத்திலிருந்து கடைசிவரை வெறும் பூஜ்யங்களாக நிரப்பிவிட வேண்டும். அதுவரை என் கைக்கு வந்த டிஸ்க் எதிலும் நான் ஓர் எழுத்துக்கூட எழுதியதில்லை. அன்றைக்கு எழுதினேன். ஒரு பகல் முழுக்க ஓடியது. பிறகு சீரியல்களை மட்டும் ஒழுங்காகப் பெயர் போட்டு, வரிசைப்படுத்தி, அதில் திரும்ப ஏற்றினேன். அந்த மாமியார் ஜெயிலுக்குப் போகிற எபிசோடும் இருந்தது.

அழகம்மை வந்தாள். கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். அவள் கீழே, இன்னும் கீழே என்று நகர்த்திக்கொண்டே போனாள்.

"எல்லாம் வந்துருச்சே. அதை மட்டும் காணலையேக்கா."

"அது வரல அழகம்மை."

"அது எப்படிக்கா? சீரியல் பூராம் வந்திருக்கு. அது மட்டும் எப்படி வராமப் போகும்?"

"அப்படித்தான் அமையும். சௌந்தரம் வீட்டு டிவி அந்த இடத்தில வேற எதையாவது பதிஞ்சிருக்கும்."

"இன்னொருக்காப் பாருங்கக்கா. ஒண்ணே ஒண்ணு போதும். முகம் தெரியாட்டியும் பரவாயில்ல. சத்தம் மட்டும் இருந்தாக்கூடப் போதும்."

பார்க்கிறேன் என்று சொல்லி அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு, "சரி, மறுபடி எடுத்துக்கிட வேண்டியதுதான்" என்றாள். நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். இல்லை, அதைத்தான் சொன்னாள். மறுபடி அந்த ஃபோனை அதே டப்பாவுக்குப் பின்னால் வைப்பாள். மறுபடி அவர் கடிகாரத்தைக் கழற்றுவார், மறுபடி இவள் பொறுக்கித் தின்பாள். மறுபடி அதை என்னிடம் கொண்டுவருவாள், ஒரு நகல் பத்திரமாக வைத்திருங்கள் அக்கா என்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் கோயில் வரை போவேன். நம் பேச்சு காதில் விழுகிற இடம் அது ஒன்றுதான். தண்டாயுதபாணி அங்கே பிரகாரத்தில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையவில்லை.

"வாங்கம்மா. சீரியலெல்லாம் மீட்டுக் குடுத்துட்டீகளாமே. எங்க வீட்டுல ஒரே கொண்டாட்டம்."

"அதில சீரியல் மட்டும் இல்லீங்க" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மனிதர் பார்த்துவிட்டார் என்று தெரிந்தால் அவர் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார் என்பது என் எண்ணம். எனக்கென்றால் அப்படித்தான் இருக்கும். அவர் சட்டை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"இன்னும் இருக்கா?"

"இல்லை. சுத்தமாத் துடைச்சுட்டேன்."

"எங்கன வச்சு எடுத்தா?"

"அடுப்படி அலமாரியில. பருப்பு டப்பாவுக்குப் பின்னால."

"நல்ல காரியம் பண்ணுனீக. வெளியாளுக்குத் தெரிஞ்சா ரெண்டு குடும்பத்துக்கும் அசிங்கம். நான் பாத்துக்கிடுறேன்." அர்ச்சனைத் தட்டிலிருந்து ஒரு டிராகன் பழத்தை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கழுவிச் சாப்பிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அழகம்மை மொட்டை மாடியிலிருந்து விழுந்தாள். அந்த வீட்டில் துணி காயப்போடுவது இரண்டாம் மாடிப் பால்கனியில் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். அந்த ஃபோன் எங்கே என்று எனக்குத் தெரியாது. அவரைத்தான் கேட்க வேண்டும்.

சௌந்தரத்தைப் போய்ப் பார்த்தீர்களா? வெளியே வருவதில்லை. அழகம்மை அவளிடம் கடைசியில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். "அந்தப் பச்சை பட்டன அமுத்தி நான்தான் அவளத் தள்ளிவுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். நான் போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். தெரியாமல் செய்தது, உன்மேல் பழி இல்லை என்று சொன்னேன். அவள் என் மடியில் படுத்து அழுததில் புடவை முழுக்க நனைந்துவிட்டது. நான் அசையாமல்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் ஏன் எழுந்து நிற்கிறீர்கள் என்று தெரிகிறது. கேட்க நினைப்பதும் தெரிகிறது. ஆமாம், ஒரு நகல் இருந்தது. அந்தச் சிரிப்பு இருக்கும் படம். அது முதலில் என் கம்ப்யூட்டருக்குத்தானே வந்தது. அதை மட்டும் அழிக்காமல் வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சில நாள் காலையில் பல் துலக்குவதற்கு முன் ஒரு தடவை பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அதே குமட்டல் வரும். வந்ததும் ஒரு நிம்மதி வரும். அவர் முகம் அதில் நன்றாகத் தெரியும். அவர் குரலும் கேட்கும். உங்கள் வக்கீலுக்கு அது போதுமாக இருந்திருக்கும். பாப்பா இந்த வாரமே உங்களோடு விமானம் ஏறியிருக்கலாம்.

இன்று காலை நீங்கள் ஃபோன் செய்து, அழகம்மையின் தம்பி பேசுகிறேன், மதியம் வருகிறேன் என்றீர்கள். ஃபோனை வைத்த கையோடு அதையும் பூஜ்யமாக்கினேன். சின்னக் கோப்பு, காப்பித் தண்ணீர் கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது. கூடப் பிறந்தவன் பார்க்கக்கூடிய முகம் இல்லை அது. உட்காருங்கள், தம்பி. என்னை அப்படிப் பார்க்காதீர்கள். இந்த ஊரில் உங்கள் அழகம்மை ஆச்சியின் மானத்தைக் காப்பாற்ற என்னைத் தவிர வேறு யார் இருந்தார்கள், சொல்லுங்கள்.